இரும்புக்கை மாயாவி எப்படி நம் வீட்டுப் பிள்ளை ஆனார்?

1967 ஜனவரியில் லண்டன் ஃப்ளீட்வே நிறுவனம் சட்டைப்பையில் அடங்குகிற அளவில் ஒரு காமிக்ஸ் வரிசையைத் தொடங்கியது. ஃப்ளீட்வே சூப்பர் லைப்ரரி என்று பெயர். ஜேம்ஸ் பாண்ட் படங்கள் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்த காலம். அந்தச் சூட்டில் ஜானி நீரோ என்றொரு ரகசிய உளவாளியை உருவாக்கி, கூடவே ஸ்டெல்லா என்றொரு காரியதரிசியையும் சேர்த்து இறக்கிவிட்டார்கள். வரிசை ஏறக்குறைய ஓராண்டு ஓடியது, நின்றுபோனது. ஜானி நீரோவும் அதோடு சரி. இன்று இங்கிலாந்தில் பழைய காமிக்ஸ் சேகரிக்கிறவர்களைத் தவிர அந்தப் பெயரை யாரும் நினைவு வைத்திருப்பதாகத் தெரியவில்லை.

அதே பெயரை விருதுநகரிலோ சேலத்திலோ ஐம்பதைத் தாண்டிய ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். "மூளைத் திருடர்கள் படிச்சிருக்கீங்களா?" என்று அவர்தான் உங்களைத் திருப்பிக் கேட்பார். பிறந்த ஊரில் ஓராண்டு கூடச் சரியாகத் தாக்குப்பிடிக்காத ஆள், இங்கே ஒரு தலைமுறைக்கே சொந்தக்காரர் ஆகிவிட்டார். அவர் ஒருவர் மட்டும் என்றால் தற்செயல் என்று விட்டுவிடலாம். இரும்புக்கை மாயாவி, ஸ்பைடர், ஆர்ச்சி, லாரன்ஸ்-டேவிட் என்று பிரிட்டனிலிருந்து தமிழ் காமிக்ஸுக்கு வந்த நாயகர்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய இதே கதைதான்.

கேட்டால் பெரும்பாலானோர் சொல்லும் காரணம், "அந்தக் கதைகள் அப்படி!" என்பது. எனக்கு அதில் பாதி சம்மதம்தான். இப்போது எடுத்துப் படித்தால் பல கதைகள் சுமார் ரகம். பைத்தியக்கார விஞ்ஞானி ஒருவன், அவனுக்கு ஒரு தீவு, தீவுக்கடியில் ஒரு சுரங்கம், கடைசிப் பக்கத்தில் எல்லாம் வெடித்துச் சிதறும். படங்கள் பிரமாதம், அதை மறுக்க முடியாது. ஆனாலும் இவர்களைத் தமிழ்ப் பிள்ளைகளின் நாயகர்கள் ஆக்கியதில் கதையைவிடப் பெரிய பங்கு அச்சுக்கூடத்துக்கும், பெட்டிக்கடைக்கும், பிள்ளைகளின் கையிலிருந்த சில்லறைக்கும் உண்டு.

முதலில் இவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்க்கலாம். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பிரிட்டனில் பிள்ளைகளுக்கான வார இதழ்கள் கொடிகட்டிப் பறந்தன. 'லயன்' இதழ் 1952 பிப்ரவரியில் வந்தது. முதல் இதழிலேயே ஆர்ச்சி என்ற ரோபோ இருந்தது. 'வேலியன்ட்' 1962 அக்டோபரில் வந்தது. அதில்தான் இரும்புக்கைக்காரர் பிறந்தார். இயற்பெயர் லூயிஸ் கிராண்டெல். ஆய்வுக்கூட உதவியாளர். விபத்தில் வலக்கை போய், எஃகுக் கை பொருத்திக்கொண்டவர். உயரழுத்த மின்சாரம் தாக்கியதும் உடல் முழுக்க மறைந்து, அந்தக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். எழுதியவர் கென் பல்மர் என்ற அறிவியல் புனைகதை எழுத்தாளர். பிறகு டாம் டல்லி தொடர்ந்தார். வரைந்தவர் ஹெஸூஸ் பிளாஸ்கோ, ஸ்பெயின்காரர். அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் பதிப்பகங்கள் ஸ்பெயின், இத்தாலி ஓவியர்களுக்கு நிறைய வேலை கொடுத்தன. கையும் சுத்தம், கூலியும் மலிவு. பிளாஸ்கோவின் நிழல்களையும் தெருவிளக்குகளையும் பார்த்தால், இத்தனை உழைப்பை வாரத்துக்கு இரண்டு மூன்று பக்கப் பிள்ளைகள் தொடரில் கொட்டினாரே என்று வியப்பாக இருக்கும்.

ஸ்பைடர் 1965 ஜூனில் 'லயன்' இதழில் வந்தவர். அமெரிக்க ஸ்பைடர்மேனுக்கும் இவருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. கூரான காது, கூரான புருவம், முதுகில் ஜெட், கையில் வலை பீய்ச்சும் துப்பாக்கி. குற்ற உலகத்துக்கே ராஜாவாக வேண்டும் என்பது முதல் ஆசை. பிறகு மனம் மாறி, தன்னைவிடப் பெரிய எத்தர்களை அடக்குவதில் இறங்கிவிடுவார். தமிழ் வாசகர்கள் செல்லமாகக் 'கூர்மண்டையர்' என்பார்கள். இந்தக் கூர்மண்டையரின் கதைகளில் பெரும்பகுதியை எழுதியவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர். சூப்பர்மேன் உரிமை வழக்கில் அமெரிக்கப் பதிப்பகத்தோடு முறைத்துக்கொண்டிருந்த நேரத்தில் லண்டனுக்கு எழுதினார். எழுபது எண்பதுகளில் ஸ்பைடரை வாய்பிளந்து படித்த நமக்கு, சூப்பர்மேனின் தகப்பனைத்தான் படித்துக்கொண்டிருக்கிறோம் என்று அன்றைக்கு யார் சொன்னார்கள்?

இனி சிவகாசி. 1923 வாக்கில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த கதை எல்லோருக்கும் தெரியும். தீப்பெட்டி வந்தால் அதற்கு லேபிள் வேண்டும். பட்டாசு வந்தால் இன்னும் பளிச்சென்ற லேபிள் வேண்டும். இப்படித்தான் ஊரில் லித்தோ அச்சு வேரூன்றியது. பிறகு ஆஃப்செட், காலண்டர், டைரி. எழுபதுகளின் தொடக்கத்தில் வண்ண அட்டையை மலிவாகவும் வேகமாகவும் அடித்துத் தருவதற்குத் தமிழ்நாட்டில் இதைவிடத் தோதான ஊர் கிடையாது. எந்திரம் இருக்கிறது, ஆள் இருக்கிறது. காலண்டர் சீசன் முடிந்த மாதங்களில் எந்திரத்துக்குத் தீனி போட ஏதாவது வேண்டும் என்பது எந்த அச்சக முதலாளிக்கும் உள்ள கவலை.

1972 ஜனவரியில் முத்து காமிக்ஸ் வந்தது. வெளியிட்டவர் சௌந்திரபாண்டியன், ஆசிரியர் முல்லை தங்கராசன். முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. அந்தத் தலைப்பே நாயகனின் பெயராக நிலைத்துவிட்டது. கிராண்டெல் என்றால் இன்றும் பாதிப் பேருக்குத் தெரியாது. அப்புறம் 'பாம்புத் தீவு', 'நாச அலைகள்', 'கொள்ளைக்காரப் பிசாசு', 'இயந்திரத் தலை மனிதர்கள்' என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சூப்பர் லைப்ரரியில் ஓராண்டு வாழ்ந்த ஜானி நீரோவும், பாரகுடா என்ற பெயரில் அங்கே வந்த உளவுக் கதைகளும் இங்கே வந்துசேர்ந்தன. பாரகுடா தமிழில் லாரன்ஸ்-டேவிட் என்ற ஜோடியாக நின்றது. உரிமை வாங்குவதில் ஒரு வசதி இருந்தது. அங்கே ஓவியருக்கும் எழுத்தாளருக்கும் கூலி கொடுத்து முடித்தாயிற்று. நின்றுபோன தொடரை மறுபடி விற்றால் கிடைப்பதெல்லாம் மேல்வரும்படி. அதனால் ஒரு கதையின் மறுபதிப்பு உரிமை, இங்கே ஒரு ஓவியரை உட்காரவைத்துப் புதிதாக நூறு பக்கம் வரையவைப்பதைவிடக் குறைந்த செலவில் முடிந்தது. தமிழில் சொந்தச் சித்திரக்கதை பெரிதாக வளராததற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. வாண்டுமாமா எழுதினார், ஓவியர் செல்லம் போன்றவர்கள் அழகாக வரைந்தார்கள், கதைகள் நன்றாகவே இருந்தன. பணக்கணக்கு மட்டும் ஒத்துவரவில்லை. நம் ஊரில் திறமை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இங்கே ஒரு பக்கம் எப்படித் தயாரானது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பிரிட்டிஷ் வார இதழின் பக்கம் பெரியது. ஒரு பக்கத்தில் எட்டு, பத்து கட்டங்கள் நெருக்கியடித்து இருக்கும். தமிழ்ப் புத்தகம் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. ஆகவே கட்டங்களை வெட்டி, பக்கத்துக்கு இரண்டு, மூன்று என்று புதிதாக அடுக்க வேண்டும். நீளமான கட்டம் பக்கத்தில் அடங்காவிட்டால் ஓரம் போகும். குட்டையாக இருந்தால் மேலே கொஞ்சம் வானத்தையோ கீழே கொஞ்சம் தரையையோ உள்ளூர் ஓவியர் வரைந்து நிரப்புவார். பலூனுக்குள் இருக்கும் ஆங்கிலத்தை அழித்துவிட்டுத் தமிழை எழுதவோ, அச்செழுத்தில் அடித்து ஒட்டவோ வேண்டும். ஆங்கிலத்தில் நாலு எழுத்தில் முடிகிற சொல்லுக்குத் தமிழில் ஒன்பது எழுத்து ஆகும். பலூன் ஆங்கிலத்துக்கு அளவெடுத்தது. அதனால்தான் மாயாவி கதைகளில் எல்லோரும் சுருக்கமாகவே பேசுவார்கள். சமயத்தில் பலூனின் விளிம்பை எழுத்து முட்டிக்கொண்டு நிற்கும். பக்கக் கணக்கிலும் ஒரு இடைஞ்சல். அச்சில் பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு ஃபாரம். கதை அந்தக் கணக்கில் சரியாக முடியாவிட்டால் மிச்சப் பக்கங்களில் துணுக்கு, புதிர், அடுத்த வெளியீட்டின் விளம்பரம். அந்த விளம்பரப் பக்கத்தைக் கதையைவிட அதிக தடவை படித்தவர்கள் உண்டு. ஒரு மாதம் முழுக்கத் தாக்குப்பிடிக்க வேண்டுமே!

உள்ளே பெரும்பாலும் கறுப்பு மட்டும். சில இதழ்களில் கறுப்போடு சிவப்போ பச்சையோ கூடும். தாள் சாணித்தாள்தான். அட்டைதான் கண்ணைப் பறிக்கும். பல அட்டைகளை மூலத்தில் இருந்தபடி போடாமல், கதையிலிருந்து ஒரு காட்சியை எடுத்துச் சிவகாசி ஓவியர்களே வண்ணத்தில் புதிதாகத் தீட்டினார்கள். பட்டாசுப் பெட்டிக்கும் காலண்டருக்கும் தீட்டிப் பழகிய கை என்பது அந்த மஞ்சளையும் சிவப்பையும் பார்த்தாலே தெரியும். கயிற்றில் க்ளிப் போட்டுத் தொங்கவிட்ட பத்துப் புத்தகங்களில் தெருவின் அந்தக் கோடியிலிருந்தே எது மாயாவி என்று சொல்லிவிடலாம்.

வேகத்தின் ரகசியம் ஒன்று உண்டு. வார இதழில் தொடராக வந்த கதைக்கு, அந்த வாரத்து இரண்டு மூன்று பக்கம் முடியும் இடத்தில் ஓர் ஆபத்து கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வாரம் பையன் காசு கொடுக்க மாட்டான். இருபது வாரத் தொடரை ஒரே புத்தகமாகக் கட்டினால் என்ன ஆகும்? சில பக்கங்களுக்கு ஒருமுறை மாயாவி பாறைக்கடியில் மாட்டிக்கொள்வார், ரயிலுக்கு முன்னால் விழுவார், மின்சாரம் தீர்ந்து உடல் தெரிய ஆரம்பித்துவிடும். லண்டன் பையன் ஐந்து மாதம் பல்லைக் கடித்துக் காத்திருந்த அத்தனை திருப்பத்தையும் சாத்தூர்ப் பையன் ஒரே மதியத்தில் விழுங்கினான். அங்கே ஒரு பெரிய இதழின் பல தொடர்களில் ஒன்றாகக் கிடந்த கதை இங்கே தனிப் புத்தகம். அட்டையில் அவர் படம், அவர் பெயர். நட்சத்திர அந்தஸ்தை அவருக்குக் கொடுத்தது இந்தக் கட்டமைப்பு.

இன்னொரு வேடிக்கை: நாம் குழந்தைப் புத்தகம் என்று நினைத்த பலவும் குழந்தைகளுக்காக வரையப்பட்டவை அல்ல. 1984 ஜூலையில் தமிழில் இரண்டு காமிக்ஸ் வரிசைகள் ஒரே மாதத்தில் பிறந்தன. தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ் 'அழகியைத் தேடி' என்ற ஜேம்ஸ் பாண்ட் கதையோடு வந்தது. சிவகாசியில் சௌந்திரபாண்டியனின் மகன் விஜயன் தொடங்கிய லயன் காமிக்ஸ், 'கத்தி முனையில் மாடஸ்டி' என்று வந்தது. பாண்ட் தொடர் 1958இலிருந்து லண்டன் 'டெய்லி எக்ஸ்பிரஸ்' நாளிதழில் வந்தது. மாடஸ்டி பிளைஸி என்ற சாகசக்காரியின் தொடர் 1963இலிருந்து 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' மாலை நாளிதழில் வந்தது. இரண்டும் ரயிலில் ஆபீஸ் போய்வருகிற பெரியவர்களுக்கானவை. ஆகவே அதில் நீச்சலுடை உண்டு, படுக்கையறை உண்டு. இங்கே என்ன செய்வது? மை இருக்கிறதே! பிகினியை ரவிக்கையாகவும் கவுனாகவும் கறுப்பு மையால் வளர்த்துவிட்டார்கள். கடற்கரையில் எல்லோரும் குளிக்கும்போது ஒரு பெண் மட்டும் கழுத்துவரை மூடிய கறுப்பு உடையில் நிற்பாள். அந்த வயதில் அது நமக்கு உறுத்தவே இல்லை. உளவாளிப் பெண்கள் அப்படித்தான் உடுத்துவார்கள்போல என்று நினைத்துக்கொண்டோம்.

ரயிலில் போகிற குமாஸ்தாவின் கதை ஆறாம் வகுப்புப் பையனின் கதையானது விலையாலும் விற்ற இடத்தாலும்தான். ராணி காமிக்ஸ் ஒன்றரை ரூபாய். மாதத்தின் முதல் தேதியிலும் பதினைந்தாம் தேதியிலும் வரும். தினத்தந்தி போகிற ஊரெல்லாம் அதுவும் போகும். தினத்தந்தி போகாத ஊர் ஏது? நாளிதழ் கட்டோடு அதே பஸ்ஸில் வந்து இறங்கும். முத்துவும் லயனும் ஏஜென்ட்களை நம்பியிருந்தன. வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. பஸ் ஸ்டாண்ட் கடை, ரயில்வே ஸ்டேஷன் கடை, பள்ளிக்கூடத்துக்கு எதிரே மிட்டாய்க் கடை. மூன்றிலும் கேட்டு, "இன்னும் வரல தம்பி" என்ற பதிலோடு திரும்புவது அந்த வயதின் நித்திய கடமை. அதனாலேயே ராணி படித்து வளர்ந்த பிள்ளை, லயன் படித்து வளர்ந்த பிள்ளை என்று ஊருக்கு ஊர் விசுவாசம் வேறுபட்டது. எங்கள் பக்கம் ராணிதான் முதலில் பழக்கம். மாயாவி என்றால் எங்களுக்கு முகமூடி போட்ட காட்டுவாசி வீரர், அதாவது ஃபேன்டம். அடுத்த ஊர்க்காரனுக்கோ மாயாவி என்றால் இரும்புக்கை. இதை வைத்து நடந்த சண்டைகள் கொஞ்சநஞ்சம் அல்ல.

ஒன்றரை ரூபாய்கூட எல்லோரிடமும் இல்லை. இல்லாதவர்களுக்கும் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று வாடகை நூலகம்: நாளுக்குச் சில பைசா, அட்டைக்கு மேல் காக்கித் தாள் உறை, உள்ளே ரப்பர் ஸ்டாம்ப், நடுப்பக்கம் எப்போதும் காணாமல் போயிருக்கும். மற்றொன்று பழைய புத்தகக் கடை. சென்னையில் மூர் மார்க்கெட், 1985இல் அது எரிந்துபோகும் வரை. மதுரையில் மீனாட்சி கோயிலைச் சுற்றிய கடைகள். சின்ன ஊர்களில் எடைக்கு வாங்கும் பேப்பர்க்கடை. இரண்டு கொடுத்தால் ஒன்று எடுத்துக்கொள்ளலாம் என்ற பண்டமாற்று, பையன்களுக்குள்ளும் அதே விகிதம். ஒரு பிரதி பத்துப் பதினைந்து கைகள் மாறும். அச்சடித்த எண்ணிக்கையை வைத்து இதன் வாசகர்களை எண்ணினால் கணக்கு தப்பும்.

இந்த இடத்தில்தான் அம்புலிமாமாவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 1947 ஜூலையில் நாகி ரெட்டியும் சக்கரபாணியும் தெலுங்கிலும் தமிழிலுமாகத் தொடங்கிய இதழ். காமிக்ஸைவிட எழுத்திலும் சித்திரத்திலும் ஒரு படி மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வேதாளத்தைத் தோளில் சுமந்து, வாளை உருவிக்கொண்டு சுடுகாட்டில் நடக்கும் விக்கிரமாதித்தனை வரைந்த சங்கர், 2020இல் 97ஆவது வயதில் காலமானார். அந்த ஒரு படம் எத்தனை தலைமுறைக்கு மனப்பாடம்! ஆனால் அம்புலிமாமாவை வீட்டுக்கு வாங்கிவந்தவர் அப்பா. தாத்தா படித்துக் காட்டுவார், அம்மா மத்தியானம் எடுத்துப் பார்ப்பார். கோகுலமும் அப்படித்தான், 1984இல் வாண்டுமாமா ஆசிரியராக இருந்து வந்த பூந்தளிரும் அப்படித்தான். பெரியவர்கள் நல்லது என்று ஒப்புக்கொண்ட புத்தகங்கள்.

காமிக்ஸை யாரும் வாங்கித் தரவில்லை. பிள்ளை தன் காசில் தானே தேர்ந்தெடுத்து வாங்கிய முதல் பொருள் பல வீடுகளில் இதுதான். திருவிழாவுக்குக் கொடுத்த காசு, மாமா ஊருக்குப் போகும்போது கையில் திணித்தது, பால் வாங்கப் போனதில் மிச்சம். வீட்டில் தெரிந்தால் திட்டு: "பாடப் புத்தகத்தை இப்படிப் படிச்சா உருப்படுவே." சரித்திரப் புத்தகத்துக்கு நடுவே வைத்துப் படித்தது, படுக்கைக்கு அடியில் ஒளித்தது, பரீட்சைக்கு முன்னால் அடுப்புக்குப் போனது என்று ஒவ்வொருவரிடமும் ஒரு பட்டியல் இருக்கும். மாயாவியைப் பார்த்துவிட்டு ப்ளக் பாயிண்டில் விரலை விட நினைத்தவர்களும் இருந்தார்கள். நல்லவேளை, பல கிராமங்களில் பகலில் கரண்ட் இருக்காது. பெரியவர்கள் விரும்பாத, தானே சம்பாதித்த மாதிரியான, தானே காவல் காத்த புத்தகம் என்பதால்தான் அதன் நினைவு இத்தனை அழுத்தமாக இருக்கிறது. கதையின் தரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அம்புலிமாமாவுக்குத்தான் இத்தனை தீவிரமான ரசிகர் கூட்டம் இருந்திருக்க வேண்டும். அன்பு நிறைய இருக்கிறது. ஆனால் பழைய அம்புலிமாமாவுக்காக ராத்திரி பஸ் பிடித்து வேறு ஊர் போகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

திட்டிய பெற்றோருக்கு ஒன்று தெரியாது. பையன் எழுத்துக்கூட்டாமல் படிக்கப் பழகியதே பல வீடுகளில் காமிக்ஸ் வழியாகத்தான். பலூனில் ஏழெட்டுச் சொற்கள், பக்கத்தில் படம், அடுத்த கட்டத்துக்குப் போகிற அவசரம். டுமீல், பணால், விர்ர்ர் என்று எழுத்தே சத்தம் போடும். பாடப்புத்தகத் தமிழுக்கும் தெருத் தமிழுக்கும் நடுவே ஒரு தமிழ் அதில் இருந்தது: "அற்பப் பதரே, தொலைந்தாய்!" என்று கத்துகிற வில்லனுக்கு அடுத்த கட்டத்திலேயே "ஐயையோ, மாட்டிக்கிட்டோம்டா!" என்று அலறும் அடியாள். பெரும்பாலான மொழிபெயர்ப்பாளர்களின் பெயர் எந்த இதழிலும் அச்சானதில்லை. மூலத்தோடு ஒப்பிட்டால் அவர்கள் எடுத்துக்கொண்ட சுதந்திரம் கொஞ்சம் அதிகம்தான். ரோபோ ஆர்ச்சியின் வாய்ச்சவடாலில் பாதி அவர்கள் சேர்த்தது என்றே சந்தேகிக்கிறேன். 'சட்டித்தலையன்' என்று பட்டப்பெயர் வாங்கும் அளவுக்கு அவன் இங்கே நகைச்சுவை நாயகனாக ஆனதற்குக் காரணம் அவர்கள்.

சிவகாசி லயன் காமிக்ஸ் அதன்பிறகு பிரிட்டனைத் தாண்டிப் போனது. இத்தாலியில் 1948இல் பிறந்த கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லர் 1985இல் 'தலைவாங்கிக் குரங்கு' கதையோடு தமிழுக்கு வந்தார். பெல்ஜியத்து லக்கி லூக், ப்ளூபெர்ரி என்ற பெயரை இங்கே கேப்டன் டைகர் என்று மாற்றிக்கொண்ட, பிரெஞ்சுக் கதைகளில் வரும் அமெரிக்கக் குதிரைப்படை வீரர், XIII என்ற எண்ணையே பெயராகக் கொண்ட நினைவிழந்த நாயகன். தீபாவளி மலர், கோடை மலர் என்று தடித்தடியாய்ப் புத்தகங்கள். கூடவே திகில், மினி லயன், ஜூனியர் லயன் என்று கிளைகள். எண்பதுகளின் பின்பாதிதான் பொற்காலம்.

தொண்ணூறுகளில் கேபிள் டிவி வந்தது; பிள்ளைகளின் மதியங்கள் அங்கே போய்விட்டன. காகித விலையும் ஏறியது. கிளைகள் ஒவ்வொன்றாக நின்றன. ராணி காமிக்ஸ் 500 இதழ்களோடு 2005இல் முடிந்தது. லயனும் முத்துவும் எப்போது வரும் என்று சொல்ல முடியாத நிலைக்குப் போயின. ஆனாலும் சாகவில்லை. 2010இல் XIIIஇன் 18 பாகங்களை 'இரத்தப் படலம்' என்று எண்ணூறுக்கும் மேற்பட்ட பக்கங்களில் ஒரே புத்தகமாகக் கொண்டுவந்தார்கள். 2012 ஜனவரியில் 'லயன் கம்பேக் ஸ்பெஷல்' வந்தது. விலை நூறு ரூபாய். அதன்பிறகு ஆர்ட் பேப்பர், முழு வண்ணம், ஆண்டுச் சந்தா, புத்தகக் காட்சியில் தனி ஸ்டால்.

அந்த ஸ்டாலில் நின்று பாருங்கள். நரைத்த மீசைக்காரர்கள்தான் அதிகம். டெக்ஸை 'தல' என்றும் டைகரை 'தளபதி' என்றும் உரிமையோடு சண்டை போடுகிறவர்கள் பேரன் எடுக்கும் வயதில் இருக்கிறார்கள். எழுபதுகளின் முத்து இதழ்கள் ஆயிரக்கணக்கில் விலை போகின்றன. பதிப்பகத்தின் மீது குறை சொல்ல எதுவும் இல்லை. விற்பனை குறைந்தபோது எஞ்சி நின்றவர்கள் இந்த வாசகர்கள்தான். அவர்கள் கையில் இப்போது காசு இருக்கிறது, நல்ல தாளும் வண்ணமும் கேட்கிறார்கள், அதைக் கொடுத்தால் புத்தகம் பிழைக்கிறது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. பெரியவர்களுக்கான லண்டன் நாளிதழ்த் தொடரைப் பிள்ளைகளின் புத்தகமாக்கியது எந்த ஒன்றரை ரூபாயோ, அதே விலை ஏறியபோது பிள்ளைகளின் புத்தகம் மறுபடி பெரியவர்களுடையது ஆகிவிட்டது. கதைகள் மாறவில்லை, மாயாவி மறுபதிப்பு இன்றும் நன்றாகவே விற்கிறது. அதை வாங்குகிறவர் ஏற்கெனவே அதைப் படித்தவர்.

லண்டனிலும் ஒரு திருப்பம் நடந்தது. பழைய ஃப்ளீட்வே உரிமைகள் பல கைகள் மாறி, 2016இலும் 2018இலுமாக ரெபெல்லியன் என்ற நிறுவனத்திடம் வந்துசேர்ந்தன. அவர்கள் பழைய தொடர்களைத் தூசு தட்டிப் புத்தகமாகப் போட ஆரம்பித்தார்கள். இரும்புக்கைக்காரரும் கூர்மண்டையரும் அதில் வந்தார்கள். தங்கள் ஊர்ப் பொக்கிஷம் என்று அங்கே இப்போது கண்டுபிடிக்கிறார்கள். சிவகாசியில் அதே மாயாவியைத் திரும்பத் திரும்ப அச்சடித்து அதற்குள் கிட்டத்தட்ட ஐம்பது வருடம் ஆகியிருந்தது.

சின்னப் பிள்ளைகளுக்கு மறுபடி இதைக் கொண்டுபோக முடியாதா என்று அடிக்கடி கேட்கிறார்கள். நல்ல கதையைத் தேடினால் கிடைக்கும் என்பதுபோல்தான் பேச்சு போகிறது. கதை கிடைக்கும், உரிமையும் கிடைக்கும். ஒரு பிள்ளை யாரிடமும் கேட்காமல் வாங்கக்கூடிய விலையில் மெல்லிய புத்தகம் வேண்டும், அது பள்ளிக்கூட வாசலில் உள்ள கடையில் கிடைக்க வேண்டும். இருபது ரூபாய்ப் புத்தகத்தில் கடைக்காரருக்கும் ஏஜென்ட்டுக்கும் கமிஷன் போக மிஞ்சுவதில் தாள், அச்சு, உரிமைத் தொகை எதுவும் அடங்காது. லட்சக்கணக்கில் அடித்தால்தான் அடங்கும். லட்சம் பிரதியை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வண்டி இன்றும் நாளிதழ்களிடம் மட்டுமே இருக்கிறது. அவர்களோ தங்கள் சிறுவர் இணைப்புகளையே ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டிருக்கிறார்கள்.